அமுக்கினாலும் அடிக்காத பெல்

பழுதுன்னு யார் சார் சொன்னா? வாசல்ல ஒட்டியிருக்கற அந்தக் காகிதமா? அது மேனேஜர் ஒட்டினது. அவர் தினமும் ஒட்டுறார், நான் தினமும் கிழிக்கிறேன். எனக்கும் கை ஓயல, அவருக்கும் பசை தீரல. நீங்க அதை நம்பாதீங்க. அந்த அறையில ஒண்ணும் கெட்டுப்போகல. நான் எப்படிச் செஞ்சு வச்சேனோ அப்படியேதான் இருக்கு.

ஆமா, நான்தான். மியூசியமா மாத்தின இந்தப் பழைய ஜெயிலுக்குள்ள தொட்டா அசையறது, அமுக்கினா பேசறது எதுவா இருந்தாலும் எங்க கம்பெனி செஞ்சது. கம்பெனின்னா பெருசா நினைச்சுக்காதீங்க. முதலாளி மீட்டிங்ல பேசுவார், வயரிங் அண்ணன் வயர் இழுப்பார், மிச்சமெல்லாம் என் தலையில. நீங்க ஹெட் ஆபீஸ்லேருந்து வர்றீங்கன்னு காலையிலயே சொல்லிட்டாங்க. அந்த ஒரு அறையை இப்ப இருக்கற மாதிரியே விடுறதா, இல்ல மேனேஜர் கேக்கற மாதிரி விளையாட்டா மாத்தறதான்னு இன்னிக்கு நீங்க முடிவு சொல்லணும். அதானே? தாராளமா சொல்லுங்க. ஆனா கண்ணால பாக்காம சொல்லாதீங்க. வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம். காப்பி வேணுமா? அந்தப் பக்கம் கடை இருக்கு. முன்னாடி அது சூப்பரண்டு ரூமு. இப்ப பால் நுரையில இதயம் வரைஞ்சு குடுக்கறாங்க. வேண்டாமா, சரி.

இது வாசல் மேசை, மேல முழுக்கத் தொடுதிரை. கை வைங்க. அட, சும்மா வைங்க சார், கடிக்காது. பாத்தீங்களா, திரையில கட்டடம் அப்படியே எந்திரிச்சு நிக்குது! அந்தக் கோபுரத்தைத் தொடுங்க, மேல ஏறிப் பாக்கலாம். எங்க தொழில்ல முதல் பாடமே இதுதான். மனுஷன் தொட்டா உடனே பதில் வரணும். கொஞ்சம் தாமதமானாலும் போச்சு. முதல்ல விரலால தொடுவாங்க. பதில் வரலன்னா உள்ளங்கையால தட்டுவாங்க. அப்பவும் வரலன்னா குத்து. குத்தியும் வரலன்னா பொண்டாட்டி பக்கம் திரும்பி, எல்லாம் தண்டம், நீதான் இங்க போலாம்னேன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவாங்க. அதனால ஏதோ ஒண்ணு உடனே காட்டிடணும். ஒரு வெளிச்சம், ஒரு டொக்குன்னு சத்தம், எதுவா இருந்தாலும் சரி. நீ தொட்டதை நான் கவனிச்சுட்டேன்னு மெஷின் சொல்லணும். ஜனங்க கேக்கறதும் அவ்வளவுதான்.

இங்க நில்லுங்க, அந்த மஞ்சக் கோட்டுல. கேமராவை நேரா பாருங்க. முடிஞ்சது. பாருங்க, கோடு போட்ட சட்டை, கையில நம்பர் பலகை, நீங்க கைதி! குற்றம் என்னன்னு அதுவே போடும். உங்களுக்கு என்ன வந்திருக்கு? ஆபீஸ் நேரத்துல தூங்கினது! பாத்தீங்களா, சிரிச்சுட்டீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அன்னிக்கு ஒரு புதுப் பொண்ணு மாப்பிள்ளை வந்தாங்க, அந்தப் பொண்ணுக்கு மாமியாரை எதிர்த்துப் பேசினதுன்னு வந்துடுச்சு. பக்கத்துலயே மாமியார். நல்லவேளை, அந்தம்மாவே விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இதையும் நான்தான் செஞ்சேன். வெக்கமெல்லாம் படல சார். ஜனங்க காசு குடுத்து உள்ள வர்றாங்க, வாசல்லயே அழ வைக்க முடியுமா? சிரிச்சுக்கிட்டே வரட்டும். மேனேஜர் கேட்டதையெல்லாம் செஞ்சு குடுத்திருக்கேன். எதுக்குச் சொல்றேன்னா, நான் வேணும்னே முரண்டு பிடிக்கறவ இல்ல. இந்த ஒரு விஷயத்துலதான் பிடிக்கறேன்.

மெதுவா வாங்க, இந்த நடையில வெளிச்சம் கம்மி. கேட்டீங்களா? சாவிக்கொத்து. தரைக்குக் கீழ சென்சார் இருக்கு, நீங்க கால் வைக்க வைக்க முன்னாடி ஒருத்தர் சாவியை ஆட்டிக்கிட்டே போவார். நீங்க நின்னா அதுவும் நிக்கும். இதைச் செய்ய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தச் சத்தத்துக்கே ஆதாரம் சார் எத்தனை கேள்வி கேட்டார் தெரியுமா? அவரு வரலாறு சொல்லிக் குடுக்கற பேராசிரியர். இங்க வைக்கற ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் எங்க, ஆதாரம் எங்கன்னு கேட்டுக் கேட்டு எங்க வயரிங் அண்ணன் அவருக்கு ஆதாரம் சார்னே பேர் வச்சுட்டார். சாவி எத்தனை, இரும்பா பித்தளையா, இடுப்புல தொங்குச்சா கையில இருந்துச்சா. எனக்கு அவர்மேல கோவம் கிடையாது. அவர் செய்யறது சரி. கண்டதைக் கதை கட்டி வைக்கக் கூடாதுல்ல. இந்த இடத்துல கைதிங்களா இருந்த பொம்பளைங்க எத்தனையோ பேர் இன்னும் உயிரோட இருக்காங்க. அவங்க வாழ்க்கையை நம்ம இஷ்டத்துக்கு எழுதக் கூடாது.

இந்தப் பலகையைப் படிச்சீங்களா? ஜெயில் அறிக்கையிலேருந்து எடுத்துப் போட்டது. ஒவ்வொரு அறைக்கும் அழைப்பு மணி வச்சிருந்தாங்களாம். கைதி அமுக்கினா வார்டனம்மா வந்து என்ன ஏதுன்னு கேப்பாங்களாம். இதைப் படிச்சதும் மேனேஜருக்குத் தலைகால் புரியல. பாருங்க, அந்தக் காலத்துலயே எவ்வளவு மனிதாபிமானம், இதைத்தான் நாம காட்டணும்னார். அவருக்கு எல்லாமே ஜாலியா இருக்கணும். கெட்ட மனுஷன் இல்ல, சோகத்தைக் கண்டா அவருக்குப் பயம், அவ்வளவுதான். முதல்ல போட்ட திட்டமே என்ன தெரியுமா? நீங்க அறைக்குள்ள போறீங்க. பெல்லை அமுக்கறீங்க. கதவுல இருக்கற ஸ்கிரீன்ல வார்டனம்மா வந்து, என்னம்மா வேணும்னு கேப்பாங்க. தண்ணியா, போர்வையா, டாக்டரான்னு மூணு படம் வரும். எதைத் தொட்டாலும், இதோ வர்றேம்மான்னு சிரிப்பாங்க. ஒரு நடிகையை வச்சு படமே எடுத்தாச்சு. அழகா சிரிச்சாங்க, பாவம். அவங்கமேல என்ன தப்பு.

அதை நான் தூக்கிப் போட்டுட்டேன் சார். ஆமா, யாரையும் கேக்கல. திறப்பு விழாவுக்கு முன்னாடி அந்தப் படத்தையே நீக்கிட்டேன். ஏன்னா அது பொய். பொய்யைத் தொட்டா அசையற மாதிரி செஞ்சு வச்சா, பாக்கறவங்க கையாலயே அதைச் செஞ்சு பாத்து நம்பிடுவாங்க. பலகையில எழுதினதைக்கூட மறந்துடுவாங்க, கையால அமுக்கினதை மறக்க மாட்டாங்க. இதுவும் என் தொழில்ல படிச்சதுதான்.

குனிஞ்சு வாங்க, நிலை தாழ்வு. தலை பத்திரம்... அச்சச்சோ, இடிச்சுக்கிட்டீங்களா! சொன்னேன்ல. தேய்ச்சு விடுங்க. எல்லாரும் இடிச்சுக்கறாங்க, மேனேஜர் அதுக்கு ஒரு ரப்பர் ஒட்டறேன்னு சொன்னார், இன்னும் ஒட்டல. பழுதுன்னு காகிதம் ஒட்டத்தான் நேரம் இருக்கு.

இதான் சார் அறை. இவ்வளவுதான். அந்த ஜன்னல் நிஜம், சுவர் நிஜம், கதவு நிஜம். பெல் மட்டும் நான் வச்சது. பழசைப் பிடுங்கிட்டாங்க, அதே இடத்துல, அதே மாதிரி இரும்புத் தகடு, வெள்ளைப் பொத்தான். அமுக்குங்க. இன்னொரு தடவை. நல்லா அமுக்குங்க. வெளிச்சமும் வராது, சத்தமும் வராது. அதான் நான் செஞ்சது. உள்ள எல்லாம் சரியா ஓடிக்கிட்டு இருக்கு, யார் எப்ப அமுக்கினாங்கன்னு என் கம்ப்யூட்டர்ல விழும். ஆனா இங்க ஒண்ணும் நடக்காது. வெறுமனே நிக்கணும்.

பழுது பாக்கறவர் ஒருத்தர் இருக்கார், நல்ல மனுஷன், லீவுல போயிருந்த எங்க வயரிங் அண்ணனுக்குப் பதிலா வந்தவர். அவர்கிட்ட யாரும் சொல்லாம விட்டுட்டாங்க. நானும் மறந்துட்டேன். அவர் இந்தப் பொத்தானை மாத்தினார். சத்தம் வரல. வயரை மாத்தினார். வரல. ஸ்பீக்கரே இல்லையேன்னு தேடித் தேடிப் பாத்துட்டு, சொந்தக் காசுல ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்து மாட்டினார். அப்பவும் வரல! நான் போனப்ப அந்த மனுஷன் இதோ இங்க தரையில உக்காந்துக்கிட்டு, இருவது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பாத்ததில்லம்மா, நான் தொழிலை விட்டுடலாம்னு இருக்கேன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் முதல்ல கோவம். அப்புறம் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பாத்தார். கருவிப் பையை எடுத்துக்கிட்டு, இது நல்லா வேலை செய்யுதும்மான்னு சொல்லிட்டுப் போனார். மேனேஜருக்கு இன்னும் அது புரியல.

புகார் நிறைய வருது, ஒத்துக்கறேன். யாரோ பெரிய இடத்து அம்மா வந்து, அமுக்கி அமுக்கி நகம் உடைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது. மேனேஜர் உடனே, இந்த அறையைத் தப்பிச்சு ஓடுற விளையாட்டா மாத்திடலாம்னார். பொத்தானை அமுக்கினா சைரன் அடிக்கும், புகை வரும், பூட்டுக்கு நம்பர் கண்டுபிடிக்கணும், வெளிய வந்தா மதிப்பெண். செஞ்சு குடுன்னார். மாட்டேன்னேன். கையில தொழில் இருக்கு, அதை ரெண்டே வாரத்துல செஞ்சுடுவேன். ஆனா மாட்டேன்.

மீட்டிங் போட்டாங்க. மேனேஜர் கத்தினார், முதலாளி என் காலை மேசைக்குக் கீழ மிதிச்சார். ஆதாரம் சார்தான் நிதானமா கேட்டார். அம்மா, அறிக்கையில வார்டன் வருவாங்கன்னு இருக்கு. நீங்க யாரும் வர மாட்டாங்கன்னு வச்சிருக்கீங்க. உங்களுக்கு யார் சொன்னா, அவங்க பேரைச் சொல்லுங்க, நானே உங்க பக்கம் நிக்கறேன்னார். நியாயமான கேள்வி. தெரிஞ்ச ஆள் இருக்காங்க, பேர் சொல்ல முடியாதுன்னேன். அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மான்னு வருத்தமா சொன்னார். வெளிய வந்ததும் முதலாளி என்கிட்ட, ஏதாவது ஒரு கிழவி பேரைப் போட்டுத் தொலையேன், யார் போய்ப் பாக்கப் போறாங்கன்னார். பொய்யை எடுக்கறதுக்கு இன்னொரு பொய்யா? அதுக்கு அந்த நடிகையே சிரிச்சுட்டுப் போகட்டுமே! முடியாதுன்னேன். வேலை போயிடும்மான்னார். போனா போகட்டும், மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னேன். அன்னிக்குப் பூரா அவர் என் முகத்தையே பாக்கல.

வீட்டுலயும் இதே பாட்டுதான். ஒரு பொத்தானுக்கு ஏன் இப்படி மல்லுக்கு நிக்கறன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். ஊரோட ஒத்துப் போயேன், அடுத்த வேலையில உன் இஷ்டத்துக்குச் செஞ்சுக்கன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார். தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, ஜாண் போனா என்ன முழம் போனா என்னன்னு நான் சொன்னேன். அவருக்கு என்ன வெள்ளம்னு தெரியாது. பாவம், அவர் முழிச்ச முழி!

என்ன சார்? ஆமா, நீங்களும் அதையேதான் கேப்பீங்கன்னு தெரியும். ஆதாரம் சார் கேட்ட கேள்வி. வார்டனம்மா வர மாட்டாங்கன்னு யார் சொன்னா? அதைச் சொன்னா இந்த அறை இப்படியே இருக்கும், சொல்லலன்னா நாளைக்கே சைரன் மாட்டிடுவாங்க. சரி. உக்காரணும்னா தரையிலதான் உக்காரணும், நாற்காலி வைக்கல. நின்னுக்கிட்டேவா? சரி, உங்க இஷ்டம்.

எழுதிக்கோங்க. யாரும் சொல்லல சார், நானே இருந்திருக்கேன். இதே அறை. கைக்குழந்தையிலேருந்து பள்ளிக்கூடம் சேர்க்கற வயசு வரைக்கும். அம்மா உள்ள இருந்தா சின்னப் புள்ளைங்களைக் கூட வச்சுக்க விடுவாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் பெரியம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க.

என்ன செஞ்சாங்க உங்கம்மான்னு கேக்க வர்றீங்க. கேக்காதீங்க. அநியாயமா பிடிச்சுட்டாங்க, நிரபராதின்னெல்லாம் நான் கதை விட மாட்டேன். செஞ்சாங்க. அதுக்கு உண்டான தண்டனையை முழுசா அனுபவிச்சாங்க. கணக்கு முடிஞ்சது. யாருக்கும் பாக்கி இல்ல. ஆனா தண்டனையில தாகத்துக்குத் தண்ணி கேட்டா வராம இருக்கறதும் சேர்த்தியா? அதை எந்த ஜட்ஜும் எழுதல சார்.

அந்த பெல் அடிக்கவே அடிக்காது. அம்மா உள்ள வந்த நாள்லேருந்து அடிச்சதில்ல. எனக்கு இங்க விளையாட்டுச் சாமான்னு வேற என்ன இருந்துச்சு? அது ஒண்ணுதான். எட்டாது, தூக்கு தூக்குன்னு அழுவேன். அம்மா இடுப்புல தூக்கி வச்சுக்குவாங்க. நான் அமுக்குவேன். அம்மா என் காதுகிட்ட வந்து ட்ரிங்னு சொல்லுவாங்க. மறுபடி அமுக்குவேன், மறுபடி ட்ரிங். அப்புறம் குரலை மாத்திக்கிட்டு, என்னம்மா வேணும்னு வார்டனம்மா மாதிரி கேப்பாங்க. நான் மிட்டாய் வேணும்பேன். இதோ கொண்டு வர்றேம்மான்னு வெறுங்கையை நீட்டுவாங்க. நான் எடுத்துச் சாப்பிடுவேன். பெல் நிஜமாவே அடிக்குதுன்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன் சார். பெரியம்மா வீட்டுக்குப் போனப்புறம், அங்க வாசல்ல ஒரு பெல். அமுக்கினேன். பெருசா கணகணன்னு அடிச்சுது, உள்ளேருந்து நிஜமா ஆள் வந்துட்டாங்க. நான் பயந்து போய் ஓடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

போன மாசம் நான் இந்த நடையில நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு அப்பாவும் புள்ளையும் உள்ள இருந்தாங்க. புள்ளை அமுக்கிச்சு, ஒண்ணும் வரல, உதட்டைப் பிதுக்கிச்சு. அந்த அப்பா சும்மா வாயால டிங் டாங்னார். புள்ளை ஒரே சிரிப்பு. இதைத்தான் சைரன் வச்சு மூடப் பாக்கறாங்க. விட மாட்டேன்.

பயம்லாம் இத்தனை வருஷம் பட்டாச்சு சார். உங்கம்மா எங்கன்னா வெளிநாட்டுல வேலைன்னு சொல்லணும், அப்படித்தான் என்னை வளர்த்தாங்க. அம்மா விடுதலையாகி வந்தப்ப பக்கத்து வீட்டம்மா, அத்தனை வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு ஒரு சாக்லேட்கூட வாங்கிட்டு வரலயான்னு கேட்டாங்க. அம்மா கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. கல்யாணத்தப்பவும் அதே வெளிநாடுதான். என் வீட்டுக்காரருக்கு இன்னிக்குக் காலையிலதான் சொன்னேன். கையில இருந்த காப்பியை ஆற விட்டுட்டார். அப்புறம், அதான் அத்தை லிப்ட்ல ஏற மாட்டேங்கறாங்களான்னு மட்டும் கேட்டார். வண்டியை எடுத்து இங்க கொண்டு வந்து விட்டுட்டுப் போனார். சாயந்தரம் என்ன சொல்லுவாரோ, அப்ப பாத்துக்கலாம்.

அம்மாகிட்ட நேத்தே கேட்டுட்டேன். அவங்க சம்மதம் இல்லாம நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. அறைக்கு ஆதாரம் கேக்கறாங்கம்மா, சொல்லலன்னா விளையாட்டா மாத்திடுவாங்கன்னேன். கத்தியைக் கீழ வைக்கவே இல்ல. என் பேரையே போட்டுக்கன்னாங்க. யோசிச்சுச் சொல்லும்மான்னேன். என்னத்தை யோசிக்கறது, யோசிக்கத்தான் அத்தனை வருஷம் உள்ள வச்சிருந்தாங்களேன்னாங்க.

அதனால அந்த அறிக்கைப் பலகையை மாத்தணும் சார், அதுக்கும் சேர்த்துக் கையெழுத்து போடுங்க. அம்மா பேரை முழுசா, இனிஷியலோட போடணும். எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும். அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது, ஞாயித்துக்கிழமை டிக்கெட் வாங்கிட்டு வந்து தானே படிக்கறேன்னு சொல்லியிருக்காங்க.